மண்ணெண்ணெயில் ஓடிய மரபு

றொபேட் பேர்சிக் என்னும் அமெரிக்க எழுத்தாளரின் ‘ஸென்னும் மோட்டார் சைக்கிள் பராமரிப்புக் கலையும்’ 1974ஆம் ஆண்டு வெளிவந்தது. 121 பதிப்பகங்களால் மறுக்கப்பட்ட பின்னரே அது அச்சேறிற்று என்பர். 1968இல் தம் மகனைப் பின்னிருக்கையில் ஏற்றிக்கொண்டு மினியாபொலிசிலிருந்து சான்பிரான்சிஸ்கோ வரை ஆசிரியர் மேற்கொண்ட பயணமே நூலின் சட்டகம். அவர் ஓட்டிச் சென்ற ஹொண்டா 2019இல் அமெரிக்காவின் சிமித்சோனியன் நிறுவனத்தைச் சேர்ந்தது. மோட்டார் சைக்கிளும் ஒரு நாட்டின் பண்பாட்டுச் செல்வமாதல் கூடும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை. ஆயினும் புங்குடுதீவு இறுப்பிட்டியிலிருந்து அந்நூலை வாசிக்கும் ஒருவனுக்குச் சில ஐயங்கள் எழவே செய்கின்றன.

நூலின் தொடக்கப் பகுதியில் ஒரு சம்பவம் வருகிறது. உடன் பயணஞ் செய்யும் நண்பரது பி.எம்.டபிள்யூவின் கைபிடி தளர்ந்துவிடுகிறது. பியர் தகரமொன்றிலிருந்து மெல்லிய தகடு வெட்டி இடையிற் செருகினால் சரியாகிவிடும் என்கிறார் ஆசிரியர். நண்பரோ மனம் புண்படுகிறார். விலையுயர்ந்த ஜேர்மனிய இயந்திரத்திற்குப் பழந்தகரமா என்பது அவர் எண்ணம். பொருளின் தோற்றத்தில் ஈடுபடும் மனமும் அதன் உள்ளமைப்பை நாடும் மனமும் மோதுமிடமாக இதனைப் பேர்சிக் விளக்குகிறார். விளக்கம் நயமானது. ஆனால் நண்பர் தகரத்தை மறுக்க முடிந்தமைக்குக் காரணம் மனப்பாங்கு மட்டுமன்று. அவருக்கு எங்கோ ஒரு நகரில் உதிரிப்பாகக் கடை திறந்திருந்தது.

யாழ்ப்பாணத்தில் அத்தகைய கடை இல்லாத காலமொன்று இருந்தது. 1990இல் போர் மீண்டும் மூண்டபின் விதிக்கப்பட்ட பொருளாதாரத் தடையால் பெற்றோல், மின்கலம், உதிரிப்பாகம் முதலியன குடாநாட்டுக்கு வருவது நின்றது. அக்காலத்தில் இங்கு கார்களும் மோட்டார் சைக்கிள்களும் மண்ணெண்ணெயில் ஓடின. இதனை இன்று வேடிக்கையாகச் சொல்லிச் சிரிக்கிறோம். அதன் நுட்பத்தை எவரும் ஆராய முற்படுவதில்லை. மண்ணெண்ணெய் பெற்றோலைப்போல் எளிதில் ஆவியாவதில்லை. ஆகவே குளிர்ந்த இயந்திரம் அதில் உயிர் பெறாது. சிறு போத்தலொன்றில் பொன்போற் காத்த பெற்றோலிற் சில துளிகளைக் காபரேற்றருக்குள் விட்டு, உதைத்து இயக்கி, சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். மாற்றும் கணம் தவறினால் இயந்திரம் நின்றுவிடும். மீண்டும் பெற்றோல் செலவாகும். பாரம் ஏறும்போது இயந்திரம் தட்டும் ஓசை எழும். பிளக்கிற் கரி படியும். எரியாத எண்ணெய் கீழிறங்கி மசகெண்ணெயை நீர்த்துப்போகச் செய்யும். இவற்றைக் காதாலும் மூக்காலும் அறிந்து ஓட்டியவர்களிடம் இதற்கென எழுதப்பட்ட கைந்நூல் எதுவும் இருக்கவில்லை.

பேர்சிக் தனிமனிதர், கையேட்டையும் தம் அறிவையும் துணைக்கொண்டு, இயந்திரத்தின்முன் தனித்து அமர்ந்திருப்பவர். இங்கு அறிவு வாய்வழியாகப் பரவியது. எந்தத் திருத்துநர் எதனை முதலிற் கண்டார் என்று இன்று சொல்லவியலாது. நாட்டார் பாடலுக்கு ஆசிரியர் பெயர் கேட்பது போன்றதே அது.

இறுகிப்போன ஒரு திருகாணியைப் பற்றி அவர் எழுதியிருக்கும் பகுதி, என் கருத்தில், நூலின் உச்சம். சில சதம் பெறுமதியான அவ்வாணி கழலாவிடின் வண்டி முழுவதுமே பெறுமதியற்றதாகிவிடுகிறது; ஆகவே அவ்வேளை ஆணியின் பெறுமதி வண்டியின் பெறுமதியே என்கிறார். இதனை எம்மவர் உடனே விளங்கிக்கொள்வர். ஆயினும் பெறுமதி பற்றிய விசாரணை என்று தம் நூலுக்குத் துணைத்தலைப்பிட்டவர் எதிர்கொள்ளாத வினா ஒன்றுண்டு. மின்சாரமற்ற அவ்வாண்டுகளில் ஜாம் போத்தல் விளக்கில் எரிந்ததும் அதே மண்ணெண்ணெய்தான். நோயாளியை ஆசுபத்திரிக்குக் கொண்டுசெல்ல வண்டியில் ஊற்றினால் பிள்ளையின் படிப்பு விளக்குக்கு எண்ணெய் குறையும். ‘தரம்’ என்னும் அவரது மையக் கருத்து இத்தகைய இக்கட்டிற் சோதிக்கப்படவில்லை.

இனி, மரபு பேணுதல் குறித்து. 1998இல் நியூ யோர்க்கின் குகன்ஹைம் நூதனசாலை ‘மோட்டார் சைக்கிளின் கலை’ என்னும் கண்காட்சியை நடத்தியது. 19ஆம் நூற்றாண்டின் நீராவி வண்டி தொடக்கம் நூற்றுக்கு மேற்பட்ட வண்டிகள் சிற்பங்களைப்போல் வைக்கப்பட்டன. பி.எம்.டபிள்யூ நிறுவனமே அதற்கு அனுசரணை வழங்கியமை அப்போதே கண்டனத்துக்குள்ளாயிற்று. என் கண்டனம் வேறு. அத்தகைய பார்வையில் ஒரு வண்டியின் வரலாறு அதனை வடிவமைத்தவனோடு முடிந்துவிடுகிறது. தொழிற்சாலைவாயிலைக் கடந்தபின் அதற்கு நேர்ந்தவையெல்லாம் களங்கங்கள், துடைத்தெடுக்கப்பட வேண்டியவை.

எமது அயல்வீட்டு வளவில் ஓர் எம்.டி. 90 நிற்கிறது. யப்பானியத் தபாற்காரருக்கென ஹொண்டா உருவாக்கிய சிவப்பு வண்டி அது. பழையதாக இங்கு இறக்குமதியானது. 1991இல் தீவிலிருந்து இடம்பெயர்ந்தபோது அயல்வீட்டுப் பெரியவர் அதனையும் கொண்டுசென்றார். 2002 போர்நிறுத்தத்தின் பின் ஊர் மீண்டபோது அதிலேயே வாணர் பாலத்தைக் கடந்து வந்தார். பெற்றோல் துளி விடுவதற்கெனக் காபரேற்றரின் மேல் ஒட்டப்பட்ட சிறு குழாய் இன்னும் அதில் இருக்கிறது. 2022இல் மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர் பெற்றோலே கிடைத்த நாள்களில், எங்கள் வயதினர் அக்குழாயின் பயன் என்னவென்று அவரிடம் முதன்முறையாகக் கேட்டறிந்தோம்.

சென்ற ஆண்டு பழைய வண்டிகளைச் சேகரிக்கும் ஒருவர் அதனை வாங்க வந்தார். குழாயைக் கழற்றிவிட்டு, புதிய காபரேற்றர் பூட்டி, பழைய சிவப்பையே பூசினால் ‘ஒறிஜினல்’ ஆகிவிடும் என்றார். பெரியவர் விற்கவில்லை. விலை போதாது என்பதே அவர் கூறிய காரணம்.