உருவப்படமும் கருமையின் எல்லையும்

நிழற்படத்தில் ஒளியும் இருளும் படிப்படியாகக் கலந்து நிற்கும். அச்சு மையோ ஒரே கருமையுடையது. ஆதலின், இடைநிறங்களைச் சிறு புள்ளிகளாகப் பகுத்து அச்சிடுதல் ஒரு முறை. அவற்றை அறவே நீக்கித் தனிக் கருமையும் வெண்மையுமாக்குதல் மற்றொரு முறை. பின்னதன் ஆற்றலுக்குச் சே குவேராவின் முகமே சான்று. அல்பேர்ட்டோ கோர்டா 1960இல் எடுத்த படத்தை, 1968இல் ஜிம் ஃபிட்ஸ்பற்றிக் இவ்வாறு மாற்றியமைத்தார். அது உலகறிந்த உருவமாயிற்று.

எனினும் இம்முறையில் ஓர் இடர் உண்டு. கணினி, 0 முதல் 255 வரையான ஒளிநிலைகளுள் 128ஐ எல்லையாக்கி, அதன் கீழ்ப்பட்ட யாவற்றையும் கருமையாக்கும். காத்தான்குடியிலும் ஆரையம்பதியிலும் நாம் நாளும் காணும் கருநிற முகங்கள் பல அவ்வெல்லைக்குள் அமிழ்ந்துவிடும். சட்டையின் வெண்மையே எஞ்சும். எல்லையைத் தாழ்த்தினாலோ முகம் முழுதும் வெளுத்து, அவர் வேறொருவராவார். இரண்டும் பிழையே.

அயலிலுள்ள கல்லடியில் சமாதி கொண்ட விபுலாநந்த அடிகள் (1892–1947) போன்ற பெரியோர்க்கு மலர் வெளியிடுவோர் இதனைக் கருதுதல் வேண்டும். கண், நெற்றி, கன்னம் ஆகியவற்றுக்குத் தனித்தனி எல்லை வகுத்து, மறைந்த கோட்டைக் கையால் மீட்டல் நன்று. இருள் எங்கே நிற்க வேண்டும் என்பதைப் பொறி அறியாது. அம்முகத்தை அறிந்த கண்ணே அறியும்.