நாற்காலியை ஒதுக்கும் நேரம்

குருநாகலிலோ நீர்கொழும்பிலோ மியூசிக்கல் ஷோவுக்குக் கிளம்பும் இளைஞர்களிடம் "இன்றைக்கு யார்?" என்று கேட்டுப் பாருங்கள். பேண்டின் பெயர்தான் முதலில் வரும்: சன்ஃபிளவர்ஸ், ஃபிளாஷ்பேக், மரியன்ஸ். பாடகர்கள் ஒருவர் பின் ஒருவராக வந்து போவார்கள். பேண்ட் கடைசிவரை மேடையில் இருக்கும். சென்னையில் இதே கேள்விக்கு இளையராஜா, ரஹ்மான், அனிருத் என்று இசையமைப்பாளரின் பெயர்தான் பதில். நண்பர்கள் கூட்டமாகப் போய் எங்கே நிற்கிறார்கள், எதற்குக் கை தட்டுகிறார்கள், எப்படி வீடு திரும்புகிறார்கள் என்பதெல்லாம் இந்த ஒரு வித்தியாசத்திலிருந்தே கிளைக்கின்றன.

இலங்கை மியூசிக்கல் ஷோவின் உயிர் அதன் கடைசிப் பகுதியில் இருக்கிறது. முன்பாதியில் கிளாரன்ஸ் விஜேவர்தன காலத்துப் பாடல்களும் புதிய காதல் பாடல்களும் நிதானமாகப் போகும். அப்போது எல்லோரும் உட்கார்ந்திருப்பார்கள். பிறகு டிரம்ஸ்காரர் ஆறு-எட்டுத் தாளத்துக்கு மாறுவார். 'நான்ஸ்டொப்' தொடங்கிவிட்டது என்று யாரும் அறிவிக்க வேண்டியதில்லை. பிளாஸ்டிக் நாற்காலிகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி ஓரத்துக்குப் போகும். செருப்புகள் நடுவில் குவிய, நண்பர் குழு அதைச் சுற்றி வட்டமாக ஆடும். பக்கத்து வட்டத்திலிருந்து சாரம் கட்டிய பெரியவர் ஒருவர் இதற்குள் நுழைவார். யாரும் அவரை அந்நியராகப் பார்ப்பதில்லை. "வாடா மச்சான்" என்று தமிழில் கூப்பிட்டாலும் சிங்களத்தில் கூப்பிட்டாலும் அந்த 'மச்சான்' ஒன்றுதான். பாட்டுக்குப் பாட்டு இடைவெளி இல்லாததால் ஆடுபவர்களுக்குப் போனைக் கையில் எடுக்கவே நேரம் கிடைப்பதில்லை.

இந்தத் தாளம் போர்த்துக்கேயர் காலத்து எச்சம். மட்டக்களப்பில், ஐரோப்பிய வம்சாவளியினரான பறங்கியரிடம் கஃப்ரிஞ்ஞா ஆட்டமாக இன்றும் இருக்கிறது. அதைச் சிங்கள மேடைக்குப் பைலாவாகக் கொண்டுவந்த வொலி பஸ்தியன் ஒரு போலீஸ்காரர். மொறட்டுவையில் பிறந்த ஜிப்சீஸ் குழுவோ அந்தத் தாளத்திலேயே அரசியலையும் சமூகத்தையும் கேலி செய்தது. 2021 செப்டம்பரில் அதன் பாடகர் சுனில் பெரேரா காலமான பிறகும் குழு கலையவில்லை. தம்பி பியல் பெரேரா அதைத் தொடர்கிறார். ஒரு பாடகர் போனாலும் பேண்ட் நிற்கும் என்று ரசிகர்கள் நம்புவது, என் பார்வையில், இலங்கை ரசனையின் பெருமை.

தமிழ்நாட்டில் மேடைக் குழுக்களுக்குப் பஞ்சமே இல்லை. லக்ஷ்மன் ஸ்ருதி போன்ற மெல்லிசைக் குழுக்களைத் தெரியாதவர் யார்? ஆனால் அவற்றுக்குக் கிடைத்த உச்சப் பாராட்டு "ரெக்கார்டுல கேட்ட மாதிரியே இருக்கு" என்பதுதான். வாசிப்பவரின் திறமை, தன் அடையாளத்தை மறைத்துக்கொள்வதில் அளக்கப்பட்டது. சினிமா எல்லாவற்றையும் உள்ளிழுத்துக்கொண்ட ஊர் அது. இலங்கையில் ஏ.ஈ. மனோகரன் மேடைகளில் பாடிப் புகழடைந்த 'சுராங்கனி'யும் 1977இல் இளையராஜா இசையமைத்த 'அவர் எனக்கே சொந்தம்' படத்துக்குள் புகுந்தது. மனோகரனும் சென்னைக்குப் போய்ப் படங்களில் நடித்தார்.

இந்தியா முழுவதும் இப்படி என்று சொல்லிவிட முடியாது. ஷில்லாங்கில் பாடகர் லூ மஜா 1972 முதல் மே 24ஆம் தேதிகளில் பாப் டிலனின் பிறந்தநாளைப் பாடிக் கொண்டாடி வருகிறார். கொல்கத்தாவுக்கும் கேரளத்துக்கும் சொந்த பேண்டுகளும் அவற்றுக்கென்றே ரசிகர்களும் உண்டு.

தமிழ்நாட்டு ரசிகரிடம் இலங்கை கற்க வேண்டியதும் இருக்கிறது. முதல் வரியை மேடையில் தொடங்கிவிட்டு மைக்கைக் கூட்டத்தின் பக்கம் நீட்டினால், சரணம் வரை பிசகாமல் ஆயிரக்கணக்கானோர் பாடி முடிப்பார்கள். சொல்லை அப்படி நேசிக்கும் கூட்டம் அது. 2018 ஜனவரி 6 அன்று சென்னை கீழ்ப்பாக்கத்தில் 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' முதன்முதலாக மேடையேறியபோது அந்த நேசம் ஒரு பேண்டுக்குக் கிடைத்தது. திரைப்பட இயக்குநர் பா. ரஞ்சித்தும் இசைக்கலைஞர் டென்மாவும் கூட்டிய குழுவில் கானாவும் பறையும் ராப்பும் கலந்திருந்தன. பாட்டெல்லாம் சொந்தப் பாட்டுகள், பெரும்பாலும் சாதிக்கு எதிரானவை. இலங்கையின் நான்ஸ்டொப் இரவுகளில் நான் ஏங்குவது இந்தக் கூர்மைக்குத்தான்.

கூட்டத்தை நடத்தும் விதத்தில் இரு கரைகளும் ஒரே தவறைச் செய்தன. 2023 செப்டம்பர் 10, சென்னைக்கு வெளியே பனையூரில் ரஹ்மானின் 'மறக்குமா நெஞ்சம்': டிக்கெட் வாங்கியவர்களில் பலர் உள்ளேயே போக முடியவில்லை, நெரிசலில் பெண்கள் பட்ட துன்பத்தை மறுநாள் ஊரே பேசியது. டிக்கெட் நகலை அனுப்புங்கள் என்று ரஹ்மானே பொதுவில் கேட்டுக்கொண்டார். ஐந்து மாதம் கழித்து, 2024 பிப்ரவரி 9, யாழ்ப்பாணம் முற்றவெளியில் பாடகர் ஹரிஹரன் நிகழ்ச்சி: காசு கொடுத்தவர்களுக்கு முன்னால் நாற்காலி, இலவசமாக வந்தவர்களுக்குத் தூரத்தில் தடுப்பு வேலி. பின்னால் நின்றவர்கள் வேலியைத் தள்ளிக்கொண்டு முன்னே வர, நிகழ்ச்சி இடையில் நின்றது. யாழ்ப்பாணப் பெடியங்களுக்கு ஒழுங்கு தெரியாது என்று உடனே தீர்ப்பு எழுதினார்கள். அதை நான் ஏற்கவில்லை. போர்க்காலத்தில் இரவு நிகழ்ச்சியே அரிதாக இருந்த ஊரில், தமிழ்நாட்டுப் பாணி டிக்கெட் வகுப்புப் பிரிவினையைக் கொண்டுவந்து, இலங்கைப் பாணியில் நின்று ஆடப் பழகிய பிள்ளைகளை அதன் பின்னால் அடைத்தது ஏற்பாட்டின் பிழை.

பிளாட்டினம், கோல்டு, சில்வர் என்று மைதானத்தைக் கூறுபோட்டால் முதலில் பிரிவது நண்பர்கள்தான். வேலைக்குப் போகும் ஒருவன் முன்வரிசையில், படிக்கும் மூவர் கடைசியில். பாட்டு முடிந்த பிறகு வாகன நிறுத்தத்தில்தான் சந்திப்பு. சேர்ந்து போனோம் என்று அதைச் சொல்ல முடியுமா?

ஏற்பாட்டாளர்களே, மைதானத்தில் ஒரு பெரிய பகுதியையாவது ஒரே விலையில் விடுங்கள். எத்தனை பேர் நிற்க முடியுமோ அத்தனை டிக்கெட் மட்டும் விற்பனை செய்யுங்கள். பெண்கள் பயமின்றி வெளியேற அகலமான வழி வையுங்கள். நண்பர்களே, அடுத்த முறை கூட்டாகக் காசு போடும்போது, உங்கள் ஊரில் சொந்தப் பாட்டு வாசிக்கும் ஒரு சின்ன பேண்டுக்கு டிக்கெட் எடுங்கள். கோயில் திருவிழா மேடையில் வாசிக்கும் உள்ளூர்க் கோஷ்டியாக இருந்தால், டிரம்ஸ் வாசித்தவரிடம் போய் அவர் பெயரைக் கேட்டுவிட்டு வாருங்கள்.