அடுப்படியில் ஒரு கோதா: ஜப்பானியச் சமையல் போட்டி மங்காவின் பரம்பரைகள்

சமையல் போட்டியை வைத்துச் சொல்லப்படும் மங்கா எனும் ஜப்பானியப் படக்கதை 1970களில் தனி வகையாக உருவெடுத்தது. இரண்டு சமையல்காரர்கள், ஒரே மூலப்பொருள், குறித்த நேரம், நாக்குத் தேர்ந்த நடுவர்கள்: இவ்வளவுதான் அதன் அடிப்படை. மணமும் சுவையும் இல்லாத கறுப்பு வெள்ளைத் தாளில் சமையலை வரைந்து, அதை வாரம் தவறாமல் லட்சக்கணக்கானோரைப் படிக்க வைத்தது சாதாரணச் சாதனை அல்ல.

இதன் எலும்புக்கூடு குத்துச்சண்டைக் கதையிலிருந்து வந்தது. 1968 முதல் 1973 வரை வெளியான ‘அஷிதா நோ ஜோ’, டோக்கியோவின் கூலித் தொழிலாளர் பகுதிக்கு வந்து சேரும் அநாதைச் சிறுவன் ஒருவனைப் பாலத்தடிக் குடிசையில் பயிற்றுவித்து மேடையேற்றிய கதை. அதில் எதிராளி ரிகிஇஷி இறந்தபோது, 1970-இல் வாசகர்கள் திரண்டு வந்து மெய்யாகவே இறுதிச் சடங்கு நடத்தினார்கள். சார்பட்டா, இடியப்ப நாயக்கர் எனப் பரம்பரை பிரித்துக் குத்துச்சண்டை பார்த்த வடசென்னையில், மூலக்கொத்தளத்திலும் ராயபுரத்திலும், இந்த உணர்ச்சியை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. வாத்தியாரின் மானம், பரம்பரையின் பெயர், எதிராளியிடம் உள்ள மரியாதை மூன்றும் அங்கே இருப்பது போலவே இந்தக் கதையிலும் உண்டு. சமையல் மங்கா இந்த மேடையை அப்படியே எடுத்துக்கொண்டு, கையுறைக்குப் பதில் கத்தியைக் கொடுத்தது.

முதல் பரம்பரை ‘ஹோச்சோனின் அஜிஹெய்’. ஜிரோ க்யூ எழுத, பிக் ஜோ வரைந்த இத்தொடர் 1973 முதல் 1977 வரை ‘ஷோனென் ஜம்ப்’ வார இதழில் வந்தது. புகழ்பெற்ற ஜப்பானியச் சமையல் மேதையின் மகன் அஜிஹெய், தந்தையின் உயர்தட்டு வழியை விட்டு, சாதாரண மக்கள் காசு கொடுத்துச் சாப்பிடக்கூடிய மேற்கத்திய உணவைத் தேடிப் போகிறான். இத்தொடரில் வரும் குழம்புப் போர் இன்றும் பேசப்படுகிறது. எதிராளி தயாரிக்கும் கறுப்புக் குழம்பைச் சாப்பிட்டவர்கள் மறுபடி மறுபடி வரிசையில் வந்து நிற்கிறார்கள். காரணம், மசாலாக்களின் சேர்க்கையில் போதையூட்டும் தன்மை இருக்கிறது. ஓயாமல் ருசி பார்த்த சமையல்காரனே கடைசியில் புத்தி பேதலிக்கிறான். வாடிக்கையாளரை மயக்குவது சமையலா, அவர் வயிற்றை நிறைப்பது சமையலா என்ற கேள்வியை இந்த வகை தொடக்கத்திலேயே எழுப்பிவிட்டது.

இரண்டாம் பரம்பரை வாதப் பரம்பரை. தெத்சு கரியா எழுத, அகிரா ஹனசாகி வரைந்த ‘ஒய்ஷின்போ’ 1983-இல் தொடங்கி நூறு தொகுதிகளைத் தாண்டியது; 10 கோடிக்கு மேல் பிரதிகள் விற்றன. இரண்டு நாளிதழ்கள் எதிரெதிராகச் சிறந்த உணவுப் பட்டியலைத் தயாரிக்கின்றன. ஒன்றின் சார்பில் நிற்பவர் மகன் ஷிரோ யமஓகா, மற்றதன் சார்பில் நிற்பவர் தந்தை யூசான் கைபாரா. இங்கே கைவேகத்துக்கு வேலை குறைவு. எந்தக் கடலில், எந்தப் பருவத்தில் பிடித்த மீன், அரிசி எப்படி விளைந்தது, சோயா சாஸ் எத்தனை நாள் ஊறியது என்பவையே வெற்றியைத் தீர்மானிக்கின்றன. பல அத்தியாயங்கள் பிரசங்கமாகிவிடுவது இதன் குறை. 2014-இல் புகுஷிமா கதிர்வீச்சு குறித்த பகுதி பெரும் சர்ச்சையைக் கிளப்பி, தொடர் நிறுத்தி வைக்கப்பட்டது. ஆயினும் உணவின் மூலத்தைக் கேள்வி கேட்கும் வழக்கத்தைப் பொதுவாசகரிடம் கொண்டு சேர்த்ததில் இதற்கு இணை இல்லை.

மூன்றாவது, வியப்புப் பரம்பரை. தைசுகே தெரசாவாவின் ‘மிஸ்டர் அஜிக்கோ’ (1986–1989), தந்தை இறந்தபின் தாயுடன் சிறு உணவகம் நடத்தும் யோஇச்சி என்ற சிறுவனின் கதை. 1987-இல் வந்த அதன் அனிமேஷன் தொடரில், ஒரு கவளம் உண்ட நடுவரின் வாயிலிருந்து ஒளி பீறிட்டது. சுவையைக் காட்ட முடியாது, சுவைத்தவரைக் காட்டலாம் என்ற இந்த உத்தி பின்னால் வந்த எல்லோரையும் ஆண்டது. ரொட்டிச் சமையலைப் பற்றிய ‘யாகிதாதே ஜப்பான்’ (2002–2007) அதை நகைச்சுவையின் உச்சிக்குக் கொண்டுபோனது.

இவற்றோடு இன்னும் இரண்டு தொடர்களைச் சொல்ல வேண்டும். எத்சுஷி ஒகாவாவின் ‘சூகா இச்சிபான்’ சிங் அரசமரபு காலச் சீனத்தில் நடப்பது. ஷின்ஜி சாய்ஜோவின் ‘தெத்சுநாபே நோ ஜான்’ தனித்து நிற்பது. அதன் நாயகன் ஜானுக்குச் சமையல் என்றால் ஜெயிப்பது மட்டுமே. அன்புதான் சமையல் என்று நம்பும் கிரிகோவை எதிரில் நிறுத்தி, இருவருக்கும் நியாயம் வழங்கிய துணிச்சல் அதனுடையது.

இந்தப் பரம்பரைகள் எல்லாம் வந்து கலந்த இடம் ‘ஷொகுகெகி நோ சோமா’. யூதோ த்சுகுதா எழுத, ஷுன் சாயேகி வரைய, சமையற்கலைஞர் யூகி மொரிசாகி செய்முறைகளுக்குத் துணைநிற்க, 2012 முதல் 2019 வரை வந்து 36 தொகுதிகளாயிற்று. சோமா ஒரு தெருவோர உணவகத்துப் பையன்; போய்ச் சேர்வதோ செல்வர் வீட்டுப் பிள்ளைகள் படிக்கும் சமையற்கல்லூரி. நுழைவுத் தேர்வில் அவன் பரிமாறுவது சுடுசோறும் முட்டையும்தான். கூடவே கோழி இறக்கையை வேகவைத்த சாற்றை உறையவைத்து, சிறு துண்டுகளாக வெட்டி மேலே தூவுகிறான். சோற்றின் சூட்டில் அது உருகி ஒவ்வொரு பருக்கையிலும் படிகிறது. ஆட்டுக்கால் பாயா ஆறினால் கட்டிதட்டுமே, அதே இயல்புதான்: எலும்பு மூட்டிலும் தோலிலும் உள்ள கொலாஜன் வெந்து ஜெலட்டினாகிறது, குளிர்ந்தால் இறுகுகிறது, சூடு பட்டால் இளகுகிறது. இதே தொடரின் இலையுதிர்காலப் போட்டிக்குக் கொடுத்த பொருள் குழம்பு. அதில் மசாலா மணத்தில் தேர்ந்த மாணவன் ஹயாமா, கேரள வழி மீன்தலைக் கறியில் துளசி சேர்த்து முன்வைக்கிறான். ஆங்கிலேயர் வழியாக 19ஆம் நூற்றாண்டில் ஜப்பானுக்குப் போன குழம்பு, இந்தக் கதையில் மீண்டும் தென்னிந்தியக் கரையை எட்டிப் பார்க்கிறது.

இவ்வகைக்கு எழுதாத அளவுகோல்கள் சில உண்டு. வெற்றிக்குக் காரணம் சொல்லியாக வேண்டும். அந்தக் காரணம் வாசகரின் அடுப்படியிலும் செல்லுபடியாக வேண்டும். தோற்றவரின் பதார்த்தமும் வாயூற வைக்க வேண்டும்; மட்டமான எதிராளியை வென்றால் அது வெற்றியே அல்ல. விலையுயர்ந்த பொருளைக் கைப்பக்குவம் வெல்ல இடம் இருக்க வேண்டும். கடைசி அளவுகோல் மிகக் கடினமானது: சமைத்தவர் யார் என்று உணவே சொல்ல வேண்டும். நளன் கதையில் தமயந்தி, உருமாறிய கணவனை அவன் சமைத்ததைச் சுவைத்துத்தானே அடையாளம் கண்டாள்? ‘ஒய்ஷின்போ’வில் தந்தையும் மகனும் ஒருவர் சமையலை மற்றவர் படிப்பது அந்த வகையைச் சேர்ந்தது.

அளவுகோல் தவறும்போது வகை சரிகிறது. ‘சோமா’வின் இறுதிப் பகுதியில் மரம் அறுக்கும் இயந்திரத்தைச் சமையல் கருவியாகத் தூக்கிக்கொண்டு எதிராளிகள் வருகிறார்கள். காரணம் மறைந்து ஆரவாரம் மட்டும் எஞ்சுகிறது. முதல் அத்தியாயத்தில் மசித்த உருளைக்கிழங்கைப் பன்றிக்கொழுப்பிறைச்சியில் சுற்றி ரோஸ்ட் செய்த பையனிடம் இருந்த மதிப்பு அங்கே இல்லை.

தொலைக்காட்சியும் இதே வழியில் நடந்தது. ஃபூஜி தொலைக்காட்சியின் ‘ரியோரி நோ தெத்சுஜின்’ 1993 முதல் 1999 வரை சமையற்கூடத்தையே அரங்கமாக்கியது. தமிழில் 2019-இல் தொடங்கிய ‘குக்கு வித் கோமாளி’யோ போட்டியைவிடச் சிரிப்புக்கே முதலிடம் தந்தது.

புதிதாகப் படிக்கத் தொடங்குபவர் ‘சோமா’வின் முதல் பத்துத் தொகுதிகளிலிருந்து தொடங்கி, பிறகு ‘ஒய்ஷின்போ’வுக்குப் போவது நல்லது. தமிழில் வரைய வருகிறவர்களுக்கோ களம் பக்கத்திலேயே இருக்கிறது. காசிமேட்டில் விடியலில் ஏலம் போகும் மீனும், பர்மாவிலிருந்து திரும்பியவர்கள் கடற்கரை ரயில் நிலையம் எதிரே போட்ட அத்தோ கடைகளும், தம் போடும் பிரியாணி மாஸ்டர்களும் இன்னும் எந்தப் படக்கதையிலும் உரிய இடம் பெறவில்லை. வடசென்னையின் இளம் ஓவியர்கள் இந்த வேலையை எடுத்துச் செய்ய வேண்டும்.