பிட்டும் தேங்காய்ப்பூவும்: ‘வெண்பா’ குறித்து

கலைப்படைப்புக்குரிய கவனத்தோடு கணினி விளையாட்டை நோக்கும் வழக்கம் நம்மிடையே இன்னும் வேரூன்றவில்லை. சிறுவர் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிடுகிறோம். கனடாவின் டொராண்டோ நகரில் ‘விசை கேம்ஸ்’ என்னும் சிறு குழுவினர் ஆக்கி, 2023 ஜூலையில் வெளியிட்ட ‘வெண்பா’ இம்மனோபாவத்தை மாற்றிக்கொள்ளுமாறு நம்மைப் பணிக்கிறது. 2024இல் பாஃப்டா விருதுகளில் சிறந்த அறிமுக விளையாட்டாகத் தெரிவானது இது. விருதைவிட, அதன் உள்ளடக்கமே நமக்கு முக்கியம்.

எண்பதுகளின் இறுதியில் தமிழ்நாட்டிலிருந்து கனடாவிற் குடியேறிய வெண்பா, பாவலன் என்னும் தம்பதியரும் அவர்தம் மகன் கவினுமே பாத்திரங்கள். தாய் தந்த சமையற்குறிப்பேட்டில் எழுத்துகள் அழிந்துள்ளன. விடுபட்டதை ஆடுபவர் ஊகித்துச் சமைக்க வேண்டும். ஆவி எங்கும் பரவ இட்டலித் தட்டுகளை எவ்வாறு அடுக்குவது, புட்டுக் குழலினுள் எது முன், எது பின் என்பனவே புதிர்கள். ஒரு பரம்பரையின் அறிவு ஏட்டில் மட்டுமன்றிக் கையிலும் வாழ்கிறது என்ற உண்மை, உபதேசமாகச் சொல்லப்படாமல் செயலாகவே உணர்த்தப்படுகிறது. மொழியைவிட்டு விலகிச் சென்ற மகன், இறுதியில் தானே அகப்பையை ஏந்துகிறான். சமையல் பெண்ணின் தலைவிதி என்ற பழைமைக்கு இது ஓர் அமைதியான மறுப்பு. வடிவமும் பொருளும் இங்ஙனம் இயைவது எளிதன்று.

ஆயினும் நாவற்குடாவிலிருந்து நோக்கும்போது ஒரு குறை நமக்குப் புலனாகிறது. இப்படைப்பு பெரிதும் மூவரின் வீட்டுக்குள்ளேயே நின்றுவிடுகிறது. அரிசி வருகிறது, அதை விளைவித்தவன் வருவதில்லை. உணவு தாயன்பின் சின்னமாகிறது; உழைப்பின் விளைபொருளாவதில்லை.

நமது ஊர் கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட எழுவான்கரை நிலம். நாம் உண்ணும் பிட்டின் அரிசி வாவிக்கு அப்பால், படுவான்கரை வயல்களில் விளைவது. அவ்வயல்களுக்குப் போடியார் என்ற உடைமையாளரும் உண்டு. சேற்றில் நின்று உழைத்த கூலியாளரும் உண்டு. ‘நமது பாரம்பரிய உணவு’ என்னும்போது யாருடைய பாரம்பரியத்தைச் சொல்கிறோம்? போடியார் வீட்டு விருந்தையா, வயற்கரையில் உழைப்பாளி உண்ட பழஞ்சோற்றையா? அறுபதுகளில் ஈழத்து முற்போக்கு எழுத்தாளர் மண்வாசனையை வலியுறுத்தியபோது, மண்ணோடு அதில் உழைக்கும் மனிதரையும் சேர்த்தே வலியுறுத்தினர் என்பது மனங்கொள்ளத்தக்கது.

மற்றொன்றும் உண்டு. மட்டக்களப்பில் தமிழரும் முஸ்லிம்களும் பிட்டும் தேங்காய்ப்பூவும் போன்றவர் என்பது பழமொழி. நாவற்குடாவின் அயலூர் காத்தான்குடி. அங்கே 1990 ஆகஸ்ட் 3ஆம் நாள், பள்ளிவாசல்களிற் தொழுதுகொண்டிருந்தோர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அடுத்த மாதம் சத்துருக்கொண்டானில் குழந்தைகளும் முதியோருமாகத் தமிழ்க் குடும்பங்கள் படுகொலையுண்டன. குழலினுள் அடுத்தடுத்து அமைந்து ஒரே ஆவியில் வெந்தவற்றைப் பிரித்தெடுக்கத் துப்பாக்கிகள் முயன்றன. வீட்டு ஏட்டில் அழிந்த எழுத்தை ஊகத்தால் நிரப்பலாம். ஊருக்கும் ஊருக்கும் இடையே அழிந்ததை எதனால் நிரப்புவது?

இக்கேள்வியை ‘வெண்பா’விடம் கேட்பது நியாயமா என வினவலாம். அது தன் குடும்பத்தின் கதையை நேர்மையாகச் சொல்லியிருக்கிறது. சொல்ல எடுத்துக்கொள்ளாததற்காக அதைக் குற்றஞ்சாட்டுவது விமர்சனமாகாது. கேள்வி நம்மை நோக்கியே திரும்புகிறது. 1986இல் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால் உயிர்காப்புப் படகுகளிலிருந்து மீட்கப்பட்ட 150க்கும் மேற்பட்ட தமிழரும் ஒரு சுவையை நினைவிற் சுமந்தே சென்றிருப்பர். அவர்தம் கதையையும், இங்கேயே தங்கி உலைவைத்தவர் கதையையும் ஆக்க வேண்டியவர் யார்?

கணினி கற்கும் நம் மாணவர் தத்தம் தாயரிடம் சமையற்குறிப்புக் கேட்டு எழுதட்டும். அது நல்ல தொடக்கம். அதனோடு அரிசி எவ்வயலிலிருந்து வந்தது, தேங்காய் யார் வீட்டிலிருந்து வந்தது, அவ்வீட்டுக்கும் நம் வீட்டுக்கும் இடையில் வேலி எப்போது எழுந்தது என்றும் கேட்கட்டும். விடைகள் கசப்பாகவே இருக்கும். அக்கசப்பையும் பதியும் ஏடே முழுமையான ஏடு.