ஒப்பாரியும் வினாவும்: ‘பரியேறும் பெருமாள்’ பாடல்களில் துயரின் பாடுபொருள்

முன்னுரை

1970களின் இறுதியில் இங்கிலாந்தில் உருவான போஸ்ட்-பங்க் இசை, தொழில்வளம் நலிந்த நகரங்களின் மனச்சோர்வைப் பாடுபொருளாக்கியது. ஜாய் டிவிஷன் குழு 1979இல் வெளியிட்ட ‘அன்னோன் பிளெஷர்ஸ்’ இசைத்தொகுப்பு அதற்குத் தக்க சான்றாகும். அதில் துயருறுபவன் தனியன். அவன் குரல் பெரிதும் தன்னையே நோக்கியது. தமிழில் இத்தகைய இருண்ட மனநிலைக்கு நெருங்கி வருவன, மாரி செல்வராஜ் இயக்கிய ‘பரியேறும் பெருமாள்’ (2018) திரைப்படத்திற்குச் சந்தோஷ் நாராயணன் இசையமைத்த ‘கருப்பி’, ‘நான் யார்’ ஆகிய பாடல்களாகும். இவற்றில் துயர் தனிமனித விரக்தியாக முடங்காமல் சமூகத்தை நோக்கிய விளியாக மாறுவதை இக்கட்டுரை ஆராய்கிறது.

நாய்க்கு ஒரு ஒப்பாரி

பந்தல்குடி, திருச்சுழி போன்ற மானாவாரி நிலப்பகுதிகள் உட்படத் தென்தமிழகமெங்கும் ஒப்பாரி பெண்களின் வாய்மொழிக் கலையாக விளங்குகிறது. இறந்தவரை முறை சொல்லி விளித்தலும், அவர் பெருமைகளை அடுக்கிப் பாடுதலும் அதன் அடிப்படைக் கூறுகள். கேட்போர் சூழ்ந்திருக்கப் பாடப்படுவதால் அத்துயர் ஒருவருக்கு மட்டும் உரியதாக நிற்பதில்லை.

‘கருப்பி’ இவ்வமைப்பை ஏற்று, ஆதிக்கச் சாதியினரால் தண்டவாளத்தில் கட்டிக் கொல்லப்பட்ட வேட்டை நாயை விளிக்கிறது. நாய் கொல்லப்பட்டதற்குக் காரணம் அதன் உரிமையாளரின் சாதியே. ஆகவே அதற்கு ஒப்பாரி வைப்பது, எவருடைய இறப்பு அழத்தக்கது எனச் சமூகம் வகுத்த வரம்பை மீறுவதாகும். தன்னை நாயாகவே இருக்கும்படி எதிர்பார்க்கும் சமூகத்தைப் பரியன் இறுதிக் காட்சியில் சுட்டும்போது, தொடக்கத்தில் கேட்ட ஒப்பாரி அவனுக்கும் உரியதாகிறது. எனினும், பெண்களின் கலைவடிவம் இங்கு முதன்மையாக ஆண்குரலில் ஒலிப்பது நோக்கத்தக்கது. வடிவம் எடுத்தாளப்பட்ட அளவிற்கு அதனைக் காத்துவந்த பெண்கள் இடம்பெறவில்லை.

‘நான் யார்’: இரு வினாக்கள்

இப்பாடலின் தலைப்பு, 1879இல் திருச்சுழியில் பிறந்த ரமணரின் ‘நான் யார்?’ நூலை நினைவூட்டுகிறது. அந்நூல் உடல், புலன்கள், மனம் ஆகியவற்றை ‘நான்’ அல்லவென ஒவ்வொன்றாக நீக்கி, எஞ்சும் அறிவை நோக்கி வாசகரை அழைத்துச் செல்கிறது. அவ்வினாவின் திசை உள்முகமானது. பரியனுக்கோ அத்தகைய நீக்கம் வாய்ப்பதில்லை. அடியும் அவமதிப்பும் அவன் உடலின்மீதே நிகழ்கின்றன; பிறர் விதித்த அடையாளம் அவ்வுடலிலேயே எழுதப்படுகிறது. காட்சியாக்கத்தில் அவ்வுடல் நீலம் பூசப்படுவது, தலித் அரசியலின் நிறத்தால் அதே உடலை மீட்டெடுக்கும் முயற்சி எனலாம். இங்கு வினா வெளிமுகமானது. விடையளிக்க வேண்டியது சமூகம்.

முடிவுரை

போஸ்ட்-பங்க் இசையின் இருள், கேட்போரைப் பாடுபவனின் தனிமைக்குள் அழைக்கிறது. ‘பரியேறும் பெருமாள்’ பாடல்களின் இருளோ, கேட்போரை இழவு வீட்டு முற்றத்தில் அமர்த்துகிறது. அங்கு அமர்ந்தவர் துக்கத்தில் பங்கேற்பவர். அதே வேளையில் வினாவிற்கு விடை சொல்லக் கடமைப்பட்டவர். ஒப்பாரி மரபு இப்பாடல்களுக்கு அளித்த அடிப்படை வலிமை இதுவேயாகும்.