எல்லாத்துக்கும் மூணு

மாமல்லபுரம் போவதற்கு முன் நான் ஒரு கூகுள் ஃபார்ம் தயாரித்தேன். சிரிக்க வேண்டாம். ஐந்து பேர் கொண்ட குடும்பம், விடுமுறை கிடைப்பது ஒரே ஒரு நாள், நான் மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். வேறென்ன செய்வேன்? கோயில், சிற்பம், வரலாறு, கைவினை, விலங்குகள், கடல், சாப்பாடு என்று ஏழு வரிசைகள். ஒவ்வொன்றுக்கும் ஒன்றிலிருந்து ஐந்துக்குள் ஒரு மதிப்பெண் போட வேண்டும். வாட்ஸப் குழுவில் இணைப்பை அனுப்பிவிட்டுக் காத்திருந்தேன்.

ஏழு வயது மகள் விலங்குகளுக்கு ஐந்து போட்டு, மற்ற எல்லாவற்றுக்கும் ஒன்று போட்டிருந்தாள். அப்பா பொதுப்பணித் துறையில் முப்பது வருஷம் ஏரிக்கரையும் மதகும் பார்த்தவர். மதிப்பெண்ணே போடாமல், "கட்டுமானம் என்று ஒரு வரிசை ஏன் இல்லை?" என்று மட்டும் எழுதியிருந்தார். மனைவி 'பிற' என்ற கட்டத்தில் "யாரும் எனக்கு எதையும் விளக்காத இரண்டு மணி நேரம்" என்று கேட்டிருந்தாள். அம்மா எல்லாத்துக்கும் மூணு.

போன் போட்டுக் கேட்டேன். "எனக்கு எதுவா இருந்தாலும் சரிதான்டா. அவங்களுக்கு எது பிடிக்குதோ அதைப் பாத்துக்க."

நான் அதை ஒரு தரவாக எடுத்துக்கொண்டேன். எங்கள் தொழிலில் எல்லாவற்றுக்கும் நடு மதிப்பெண் கொடுக்கும் பயனருக்கு விருப்பம் இல்லை என்று பொருள். அவரைக் கணக்கில் சேர்க்காவிட்டாலும் சராசரி பெரிதாக மாறாது.

வழிகாட்டியோடு சுற்றிப் பார்ப்பது என்று முடிவு செய்த பிறகு கண்ணில் பட்டவை மூன்று வகை. ஒன்று, காலையில் சென்னையில் ஏற்றிக்கொண்டு காஞ்சிபுரம், முதலைப் பண்ணை, மாமல்லபுரம் எல்லாவற்றையும் காட்டி இரவில் இறக்கிவிடும் ஒரு நாள் பேருந்து. இரண்டாவது, உரிமம் பெற்ற உள்ளூர் வழிகாட்டியை இரண்டு மணி நேரத்துக்கு அமர்த்துவது. மூன்றாவது, ஒலி வழிகாட்டிச் செயலி. குழந்தைகளுக்கு ஒரு தடம், கட்டடக்கலைக்கு ஒன்று, புராணத்துக்கு ஒன்று. ஆளுக்கொரு காதுக்கருவி மாட்டிக்கொள்ளலாம். வெவ்வேறு ரசனை உள்ள குடும்பத்துக்கு இதைவிடக் கச்சிதமான தீர்வு உண்டா? நான் செயலியைத்தான் வாங்கினேன். அதில் என் தொழில்முறைப் பெருமிதமும் கொஞ்சம் இருந்தது.

அந்த நாள் சண்டை சச்சரவு இல்லாமல்தான் போனது. அதுதான் பிரச்சினை. கடற்கரைக் கோயில் முன்னால் நாங்கள் நான்கு பேர் நான்கு திசை பார்த்து நின்றோம். மகள் திடீரென்று சிரித்தாள். எதற்கென்று எங்களுக்குத் தெரியவில்லை. அப்பா தலையாட்டினார்; எதை ஒப்புக்கொண்டார் என்றும் தெரியவில்லை. மனைவி, அவள் கேட்டபடியே, மணலில் உட்கார்ந்திருந்தாள். மதியம் சாப்பிட உட்கார்ந்தபோது பேசுவதற்கு எங்களிடம் எதுவும் இல்லை. அம்மாவிடம் "எப்படிம்மா இருந்துச்சு?" என்றேன். "நல்லாருந்துச்சு. அந்தப் பொண்ணு ரொம்ப வேகமாப் பேசுது" என்றார். பொண்ணு என்றது செயலியில் இருந்த குரலை.

திரும்பி வந்த வாரத்தில் ஆர்.கே. நாராயணின் 'தி கைட்' நாவலை மறுபடி எடுத்தேன். 1958-இல் வந்த நாவல், 1960-இல் சாகித்ய அகாதெமி விருது பெற்றது. கல்லூரியில் படித்தபோது போலிச் சாமியார் ஒருவன் உண்மையிலேயே சாமியாராக ஆக நேர்கிற கதை என்றுதான் அதை வாசித்திருந்தேன். இந்த முறை அதன் முன்பாதி வேறு மாதிரி தெரிந்தது. அது வெவ்வேறு ரசனை உள்ள ஒரு குடும்பத்துக்குச் சுற்றுலா ஏற்பாடு செய்தவனின் கதை.

மால்குடி ரயில் நிலையத்தில் ராஜு வழிகாட்டியாவதே ஒரு விபத்துதான். வருகிறவர்கள் எதையாவது கேட்கிறார்கள், இவனுக்குத் தெரியாது என்று சொல்ல வரவில்லை. ஒரு ஆளைப் பார்த்ததும் அவருக்கு நீர்வீழ்ச்சி வேண்டுமா, கோயில் வேண்டுமா, வெறும் ஓய்வு வேண்டுமா என்று எடை போடத் தெரிந்துகொள்கிறான். ஒரு கட்டடத்தின் வயதுகூட அவன் வாயில் நிலையாக இருப்பதில்லை, ஆளுக்கும் அன்றைய மனநிலைக்கும் ஏற்ப ஏறி இறங்கும். பிறகு அந்தத் தம்பதி வருகிறார்கள். கணவருக்குக் குகை ஓவியங்கள் வேண்டும். மனைவி ரோஸிக்கு நாகம் ஆடுவதைப் பார்க்க வேண்டும். ராஜு செய்வது மிகச் சரியான சேவை: அவருக்குக் குகை, இவளுக்குப் பாம்பு. இருவரும் கேட்டது இருவருக்கும் கிடைக்கிறது. ஒரு திருமணம் உடைகிறது.

இதை ராஜுவின் சபலம் என்று மட்டும் படிப்பது எளிது. நாராயண் அதைவிட நுட்பமான ஒன்றைச் செய்திருக்கிறார் என்று நினைக்கிறேன். ரோஸியிடம் "உனக்கு என்ன பார்க்கணும்?" என்ற கேள்வியைக் கணவர் கேட்பதே இல்லை. வழிகாட்டி கேட்கிறான், ஆனால் பதிலை அவளிடமிருந்து கணவரிடம் கொண்டு போகாமல் தனக்கு வைத்துக்கொள்கிறான். இருவரும் ஒரே பாறை முன்னால் நின்று ஒருவர் பார்ப்பதை மற்றவர் ஏன் பார்க்கவில்லை என்று தகராறு செய்துகொள்ள ஒரு வாய்ப்புகூட நாவலில் அமையவில்லை. ராஜு ஒரு மிக நல்ல பரிந்துரை இயந்திரம். அப்படிப்பட்ட இயந்திரங்களுக்கு நான் சம்பளம் வாங்கிக்கொண்டு நிரல் எழுதியிருக்கிறேன். அதனால் இந்த இடத்தில் கொஞ்சம் கூச்சத்தோடுதான் புத்தகத்தை மூடினேன்.

அதற்காக, செயலியை விட்டு மனிதரிடம் போனால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்ல வரவில்லை. வழிகாட்டிகளின் பேச்சும் ஒரு கதைசொல்லல் வடிவம்தான். அதற்கும் தேய்ந்துபோன உத்திகள் உண்டு. மாமல்லபுரத்தில் அதிகம் காதில் விழுவது சாதனைக் கதை: வெண்ணெய் உருண்டைப் பாறையை ஆங்கிலேய கவர்னர் யானைகளைக் கட்டி இழுத்தும் அசைக்க முடியவில்லை. கேட்பவர் வாயைப் பிளக்க வேண்டும், படம் எடுக்க வேண்டும், நகர வேண்டும். 2019-இல் மோடியும் ஷி ஜின்பிங்கும் அங்கே நின்று கைகோத்துப் படம் எடுத்துக்கொண்டதிலிருந்து பாறைக்கு இன்னொரு கதை கூடிவிட்டது. அடுத்தது பெயர் சூட்டல். இது தருமர் ரதம், இது பீமன், இது திரௌபதி. அந்த ஒற்றைக்கல் கோயில்களுக்கும் பாண்டவர்களுக்கும் ஒரு தொடர்பும் இல்லை, பெயர்கள் பிற்காலத்தில் ஒட்டியவை. திரௌபதி ரதம் என்று சொல்லப்படும் குடிசை வடிவக் கோயிலுக்குள் இருப்பது துர்க்கை. பெயர் சொன்னதும் பார்வை முடிந்துவிடுகிறது. பெயர் தெரிந்த பிறகு யார் உள்ளே எட்டிப் பார்க்கிறார்கள்?

நான்கு மாதம் கழித்து மறுபடி போகலாம் என்றபோது, இடங்களின் பட்டியலை வைத்துத் தேர்ந்தெடுப்பதை விட்டுவிட்டேன். வழிகாட்டிகள் சிலரைத் தொலைபேசியில் கூப்பிட்டு ஒரே கேள்வி: "தபசுப் பாறை முன்னாடி எவ்வளவு நேரம் நிப்பீங்க?" இரண்டு பேர் பத்து நிமிஷம் என்றார்கள். ஒருவர் அதெல்லாம் உங்கள் விருப்பம் சார் என்றார். நான்காவதாகப் பேசியவர், "கூட யார் யார் வராங்க?" என்று திருப்பிக் கேட்டார். சொன்னேன். "அப்ப ஒரு மணி நேரம் ஆகும். மத்தது கிடைச்ச நேரத்துல பாத்துக்கலாம்." அவரையே அமர்த்தினேன். மனைவி நேராகக் கடற்கரைக்குப் போய்விட்டாள். அவளை மாற்ற வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை, அது அவளுடைய சுற்றுலா.

தபசுப் பாறையைப் பார்த்திராதவர்களுக்கு: ஏறத்தாழ முப்பது மீட்டர் நீளத்துக்கு, மூன்று நான்கு மாடி உயரத்துக்குக் கடலைப் பார்த்து நிற்கும் பாறைமுகம். நடுவில் இயற்கையான ஒரு பிளவு, அதில் நாகர்கள். பிளவுக்கு இடப்பக்கம் ஒற்றைக்காலில் கைகளை உயர்த்தி நிற்கும், விலா எலும்பு தெரிய மெலிந்த தவசி; அவர் அருகே வரம் தரும் சிவன். வலப்பக்கம் பெரிய யானைகள், அவற்றின் காலடியில் குட்டிகள். தேவர்கள், வேடர்கள், சிங்கங்கள், மான்கள் எல்லாம் பிளவை நோக்கி வந்துகொண்டிருக்கிறார்கள். பல்லவர் காலத்து வேலை, ஏழாம் நூற்றாண்டு என்பது பழக்கமான கணக்கு. எந்த அரசன் என்பதில் விவாதம் உண்டு. இங்குள்ள எல்லாமே ராஜசிம்மன் செய்தவை என்று இரா. நாகசாமி 1962-இல் எழுதினார்.

வழிகாட்டி எதையும் சொல்லவில்லை. மகளிடம், "பாப்பா, இங்க ஒருத்தர் மாதிரியே இன்னொருத்தர் நடிக்கிறாங்க, கண்டுபிடி" என்றார். அவள் ஐந்து நிமிஷத்தில் யானையின் காலருகே தவசியைப் போலவே கையைத் தூக்கி நிற்கும் பூனையைக் கண்டுபிடித்தாள், சுற்றிலும் எலிகளோடு. பிறகு அவர் அம்மாவிடம் திரும்பினார். "அம்மா, நீங்க சொல்லுங்க. ஒத்தக் கால்ல நிக்கிறது யாரு?"

"அர்ச்சுனன்தான்" என்றார் அம்மா. சந்தேகமே இல்லாத குரல்.

அப்பா அதற்குள் பிளவுக்கு நேர் மேலே பார்த்துக்கொண்டிருந்தார். "மேல தண்ணி தேக்கி வச்சு விட்டிருக்காங்க போல. இல்லாட்டி எதுக்கு இந்தப் பள்ளத்தில பாம்பு?" பிளவின் உச்சியில் நீர்த்தொட்டி இருந்திருக்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் சொல்வது உண்டு. அப்பா அதைப் படித்ததில்லை. மதகு பார்த்த கண். வழிகாட்டி உற்சாகமாகிவிட்டார். "அப்ப சார் கட்சி பகீரதன். கங்கை இறங்கி வருது. அம்மா கட்சி அர்ச்சுனன், பாசுபதம் வாங்குறான். நீங்களே பேசி முடிவு பண்ணுங்க."

இந்த வழக்கு பழையது. 1914-இல் கோலூப்யூ என்ற அறிஞர் இது அர்ச்சுனன் அல்ல, கங்கையின் இறக்கம் என்று எழுதியதிலிருந்து இரண்டு கட்சியும் வாதாடி வருகின்றன. பத்மா கைமல் 1994-இல் எழுதிய கட்டுரை இந்த இரட்டைத்தன்மையே வேண்டுமென்று செய்யப்பட்டது என்று வாதிடுகிறது. எனக்கு அதுவே பிடித்திருக்கிறது. தண்டி காஞ்சியில் எழுதிக்கொண்டிருந்த காலம் அது. சொல்லில் சிலேடை ரசித்த சபைக்குக் கல்லில் சிலேடை செய்வது ஒன்றும் அந்நியமாக இருந்திருக்காது. ஆனால் இதெல்லாம் நான் வீட்டுக்கு வந்து படித்தது. அன்று அங்கே நடந்தது வேறு.

அப்பா வாட்டம், தண்ணீரின் வேகம் என்று கணக்குகளை எடுத்துவிட்டார். எல்லாரும் பிளவைத்தானே பார்க்கிறார்கள் என்றார். மகள் பூனை யார் கட்சி என்று கேட்டாள். வழிகாட்டி, போலித் தவம் செய்து எலிகளை ஏமாற்றும் பூனை மகாபாரதத்திலும் வருகிறது என்றார். "அப்ப பாட்டி ஜெயிச்சாச்சு!" அம்மா அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. அந்த மெலிந்த உருவத்தையே பார்த்துக்கொண்டு பேச ஆரம்பித்தார்.

அம்மாவுக்குத் திண்டிவனம் பக்கம். திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவில் கூத்து நடக்கும், அதில் அர்ச்சுனன் தபசு அன்று உயரமான மரம் நடுவார்கள், வேஷம் கட்டியவர் படிக்கு ஒரு பாட்டாகப் பாடிக்கொண்டே ஏறுவார். இவ்வளவும் நான் அரைகுறையாகக் கேள்விப்பட்டிருந்தேன். "மேல போய்ட்டு எலுமிச்சம்பழம், பூ எல்லாம் கீழ போடுவார். கொழந்த இல்லாதவங்க ஈரப் புடவையோட சுத்தி நின்னு முந்தானைய ஏந்திக்குவாங்க." கொஞ்சம் நிறுத்தி, "நானும் ரெண்டு வருஷம் ஏந்துனேன்" என்றார்.

முப்பத்தாறு வருஷமாக இது எனக்குத் தெரியாது. அப்பாவுக்கும் தெரியாது என்பது அவர் முகத்தில் தெரிந்தது. அந்த வருஷங்களில் அவர் வேலை பார்த்தது மேட்டூர் பக்கம். மகள் மட்டும், "பழம் கெடச்சுதா பாட்டி?" என்று கேட்டாள்.

"ரெண்டாவது வருஷம்."

என் ஃபார்மில் எந்த வரிசையில் இதை வைத்திருக்க முடியும்? கோயிலா, சிற்பமா, வரலாறா? கேள்விகளை இன்னும் நன்றாக எழுதியிருந்தால் பதில் வந்திருக்கும் என்று இப்போதும் என்னால் நம்ப முடியவில்லை. அம்மாவின் மூணு பொய்யும் அல்ல. அந்தக் கல்லின் முன் நிற்கும்வரை, பக்கத்தில் ஒருவர் அதைக் கங்கை என்று சொல்லும்வரை, அவருக்கே அதில் ஐந்து இருந்தது தெரிந்திருக்காது. நல்ல வழிகாட்டியா அவர் என்று கேட்டால், காலம், அரசன், அளவு எதையும் அவர் சரியாகச் சொன்னதாக நினைவில்லை. மகிஷாசுரமர்த்தினி குகைக்கு நேரமில்லாமல் போனது. துர்க்கை போரிடுவதும் திருமால் உறங்குவதும் எதிரெதிர்ச் சுவர்களில் இருக்கும் அந்தக் குகையைத் தவறவிட்டது பெரிய இழப்புதான், அதில் எனக்கு அவர்மேல் வருத்தம் உண்டு. ஆனாலும் இருவர் ஒரே கல்லை இரண்டாகப் பார்க்கும்போது நடுவில் புகுந்து தீர்ப்புச் சொல்லாமல் இருந்தார்.

திரும்பும்போது கிழக்குக் கடற்கரைச் சாலையில் வண்டியில் ரொம்ப நேரம் யாரும் பேசவில்லை. மனைவி என்ன ஆச்சு என்பதுபோல் என்னைப் பார்த்தாள். கோவளம் தாண்டியபோது பின்சீட்டிலிருந்து அப்பா கேட்டார்.

"அந்தத் தபசு மரம் எவ்வளவு உசரம் இருக்கும்?"

"பனைமரம் உசரம் இருக்கும்."

"அப்ப கீழ எத்தன அடி நட்டிருப்பாங்க? ஆளு ஏறுனா ஆடாதா?"

"அதெல்லாம் யாரு பாத்தா? நாங்க மேலதான பாத்துக்கிட்டிருந்தோம்" என்றார் அம்மா.