பூஜ்யம் ஒன்றாகும் நேரம்

ஆர்ம் போர்டில் எந்தச் சிப் எங்கே இருக்கிறது, எந்தக் கம்பி வழியாகக் கூப்பிடும் என்று லினக்ஸ் கர்னலுக்குச் சொல்லும் உரைக்கோப்பு டிவைஸ் ட்ரீ. அதில் அந்த அழைப்பைக் குறிக்கும் இன்டரப்ட் வரிமேல் எனக்குத் தனிப் பிரியம். மூன்றே எண்கள்: 0, 29, 4. சிப்பின் கையேட்டில் இதே கம்பிக்கு எண் 61 என்றிருக்கும். முதல் 32 எண்கள் கோர்களின் சொந்த உபயோகத்துக்குப் போய்விடுவதால், கழித்துத்தான் எழுத வேண்டும். மறந்து 61 என்றே எழுதினால் பெரும்பாலும் பிழைச்செய்தி ஒன்றும் வராது. போர்டு சும்மா இருக்கும். அந்த மௌனத்திலேயே தவறை மோப்பம் பிடிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். என்ன பொறுமை!

கடிகாரச் சிப் ஒன்று, அலாரம் அடித்ததும் தன் கம்பியைக் கீழே இழுக்கும். அதன் இன்டரப்ட் வரியின் கடைசி எண்ணைத் தாழ்நிலையைக் குறிக்கும் 8 என்று எழுதாமல் உயர்நிலையைக் குறிக்கும் 4 என்று எழுதிவிட்டால், ஓய்ந்திருக்கும் கம்பியே ஓயாத அழைப்பாகிவிடும். ஒரு லட்சம் அழைப்புகளில் 99,900-க்கு மேல் கேட்பாரற்றுப் போனால், யாரும் கண்டுகொள்ளவில்லை என்று அறிவித்துக் கர்னல் அந்த வழியையே அடைத்துவிடும். அப்போதுதான் ஆசிலோஸ்கோப்பின் கூர்முனையை மெல்லிய காலில் வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு திரையைப் பார்ப்பார்கள். பச்சைக்கோடு சட்டென்று இறங்கும். ஓர் எண்ணைத் திருத்தி, தொகுத்து, மறுபடி எழுப்பினால், இன்டரப்ட் பட்டியலில் கடிகாரச் சிப்பின் நேரே பூஜ்யம். அலாரம் அடிக்கிறது. ஒன்று. கொஞ்சம் பொறுத்து, இரண்டு.